அறிவிக்க ஏதும் உண்டா?

ஈரி ஏரி ஒடுங்கி ஆறாகிற இடத்தில்
சமாதானப் பாலம்.
இந்தக் கரையில், நான்காவது கூண்டில், நான்.
ஒன்பது வருசமாக ஒரே கேள்வி.

துவக்கு, சாராயம், புகையிலை
எல்லாம் மறந்துபோகிற ஆட்களுக்கு
டோனற் மட்டும் நினைவிருக்கும்.
"ஒரு டசின்" என்பார்கள், குரலைத் தாழ்த்தி.
கேட்காமலே மூடியைத் திறந்து காட்டுவார்கள்.

வொய்சிக், பஃபலோக்காரர்.
அவருடைய தெருமுனையிலேயே ஒரு ரிம் ஹோட்டன்ஸ்,
அதே சிவப்புப் பலகை, அதே கோப்பை.
என்றாலும் சனிக்கிழமை தவறாமல்
பாலக்காசு கட்டி இக்கரைக்கு வருகிறார்.
"அங்கே தண்ணீர் சரியில்லை."
ஒரே ஏரித் தண்ணீர்தான், ஐயா.
சொல்லவில்லை. கையசைத்து விட்டேன்.

மாசி மாதம், பனி கொட்டிய இரவு,
பொஸ்ரன் பக்கத்திலிருந்து ஒரு பெண்,
எட்டு மணித்தியாலம் ஓட்டி வந்தவள்.
பக்கத்து இருக்கையில், பட்டி மாட்டி,
செம்மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் ஒரு டங்கின் பெட்டி.
எத்தனை நாள்? மூன்று.
எத்தனை டோனற்? ஒன்பது.
கணக்கு நேர்.
"உங்கள் நாட்டில் இது கிடைக்காதே" என்றாள்,
வனாந்தரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவள் மாதிரி.

எனக்குச் சுருக்கென்றது.
ஓட்டையையும் உருட்டி விற்கிற நாடு இது,
இங்கே கிடைக்காததா?
இந்த நாடு என்னை எடுத்துப் பதினெட்டு வருசம்;
கொடிக்கு வராத ரோசம்
ஒரு மேப்பிள் டோனற்றுக்கு வந்தது.
டிக்கியைத் திறக்கச் சொன்னேன்.
சட்டம் இடம் தருகிறது.
உள்ளே பனி அள்ளுகிற சவள் ஒன்று,
குழந்தை இருக்கை ஒன்று.

இன்னும் வெட்கமாயிருக்கிறது.

வீட்டில் குகதாசன்.
பாரவண்டி. ஹமில்ரன், பஃபலோ, திரும்ப ஹமில்ரன்.
விருந்துக்கு வருகிறவர்களிடம் சத்தியம் பண்ணுவார்:
"அவையின்ரை கோப்பி கழுநீர்.
ரிம்மைத் தவிர வேறொண்டும் வாயிலை வையன்."

நேற்று அவருடைய சேட்டைத் தோய்க்கப் போடுகையில்
பையில் ஒரு பற்றுச்சீட்டு.
டங்கின், பஃபலோ, காலை ஐந்து நாற்பது.
பொஸ்ரன் கிறீம், இரண்டு.
அடியில் பொடி எழுத்தில்
இதுவரை சேர்ந்த விசுவாசப் புள்ளிகள்:
நாலாயிரத்துச் சொச்சம்.
ஒரு காலையில் சேர்கிற விசுவாசம் இல்லை அது.

பின்னேரம் வாசலில் குனிந்து
சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.
மீசை நுனியில் சொக்லேற்.
"அறிவிக்க ஏதும் உண்டா?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்,
கூண்டுக்கு வெளியே இருந்து எல்லாரும் பார்ப்பார்களே,
அந்தப் பார்வை.
"ஒண்டுமில்லை."
சரி, போங்கோ.

பற்றுச்சீட்டு இப்போது என் சீருடைப் பையில்.
வியாழக்கிழமை எனக்கு லீவு.
போக்குவரத்து இல்லாவிட்டால்
பாலம் கடக்க ஏழு நிமிசம்.