மூணு நிமிஷம்

ஒன்று நூற்று எண்பது.
பத்தாக எடுத்தால் நூற்று நாற்பது.
நாலுதான் எடுத்தேன்.
"எல்பி மோடுல போட்டுடாதீங்கக்கா,
தொண்ணூறு நிமிஷம் வரும்,
மூஞ்சி கட்டங்கட்டமா உடையும்"
என்றான் பர்மா பஜார் பையன்,
சில்லறைக்குப் பதில் பேட்டரியைத் திணித்தபடி.

பெரம்பூர் ரயில்வே மன்றம், சனி இரவு.
ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்
பிளாஸ்டிக் நாற்காலிமேல் நான்.
டெஸ்மண்ட் கிடாரைத் தோளில் மாட்டியதுமே
திரை மூலையில் எண் குறையத் தொடங்கியது.
கூட்டம் அவனைப் பார்த்தது.
நான் ஐம்பத்தொன்றை,
முப்பத்தெட்டை,
பதினாறை.

நாலாவது டேப்பில்தான் அந்தக் கடைசிப் பாட்டு.
முடிக்கிற மாதிரி இறங்குவான்,
மறுபடி ஏறிவிடுவான்.

நேற்றுதான் போட்டுப் பார்த்தேன்.
கிடார் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது.
மைக்குக்கு ஆகக் கிட்டே இருந்தவள் நான்தானே:
என் இருமல், என் செருப்பின் தப்புத் தாளம்,
அப்புறம் துல்லியமாக என் குரல்,
"முடிடா, மூணு நிமிஷம்தான் இருக்கு."

பெர்த்துக்குப் போய்விட்டவன்
ஒரு காப்பி கேட்கிறான்.
அவன்மேல் கை படாமல்
என்னை மட்டும் எப்படி அழிப்பது?