பனைமரத்தொட்டியில் ஒரு கப்பல்தொட்டி

ராயபுரத்தில், பேரிலேயே தொட்டி வைத்த பனைமரத்தொட்டியில்
படுத்துக் குளிக்கிற தொட்டி
இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டில் மட்டும்தான்.
படுத்துக் குளித்தவர் எங்களில் யாருமில்லை.

உடைக்கப் போன கப்பலில் கழற்றியதாம்.
"கேப்டன் குளிச்சதுக்கா" என்றான் விற்றவன்.
கேப்டனோ, கேப்டனுக்கு வெங்காயம் உரித்தவனோ,
அடைப்பான் சங்கிலியில் சுற்றிக் கிடந்தது
வெளிறிய செம்பட்டையில் ஒற்றை முடி.
மூவாயிரத்து இருநூறுக்குப் படிந்தது.
நாலு பேர் தூக்கி, படிக்கட்டுத் திருப்பத்தில்
அரைமணி நேரம் மாட்டி, பிலோமின்ராஜ்
அதை மேலே கொண்டுவந்தது
சின்டெக்ஸ் விலையை விசாரித்துவிட்டுத்தான்.

ஆக, எங்கள் வீட்டில் அது டேங்கு.
லாரி வந்தால் பதினைந்து குடம் பிடிக்கும்.

தண்ணீர் போவதற்கென்று எவரோ
கணக்காய்ப் போட்ட ஓட்டையைப்
போகவிடாமல் காப்பது என் பாடு.
நடுராத்திரி எழுந்து காது கொடுப்பேன்.
அடியில் ஒரு சொட்டு விழுந்தால் போதும்,
பிள்ளை இருமியதுபோல் விழிப்பு வரும்.
ஒருமுறை விடிவதற்குள் ஆறு குடம் போய்விட்டது.
கீழ்வீட்டு சகாயராணி
தன் கூரையில் வட்டத்தைப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள்.
சண்டை நாலே நாளில் தீர்ந்தது.
வட்டம் இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை, தொட்டி காலி.
பாவாடையை ஏற்றிச் செருகி உள்ளே இறங்கினேன்.
லாரித் தண்ணீர் விட்டுப்போன துருவும் வழவழப்பும்
தேங்காய் நாருக்கும் சோடா உப்புக்கும்
முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தன.
வாஷர் விறைத்து வெடித்திருந்தது.
பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வட்டம் வெட்டினேன்,
ஐந்து ரூபாய்க் காசை வைத்துக் கோடு போட்டு.

ஷவரும் கூடவே வந்ததுதான்.
உப்பு பூத்து எல்லாக் கண்ணும் மூடிவிட்டது.
முந்தின நாளே புளித்தண்ணீரில் ஊறப்போட்டு
ஊக்கு முனையால் ஒவ்வொன்றாய்க் குத்தினேன்.
நாற்பத்திரண்டு கண்.
"வராத தண்ணிக்கு எதுக்கும்மே வழி?" என்றார்.
"வந்தா?" என்றேன்.
அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அப்புறம் சைக்கிள் கம்பியின் முனையை வளைத்து
ஓட்டைக்குள் விட்டுத் துழாவினேன்.
ஒரு கிளிப், டெல்ஃபினுடையது.
ஷாம்பு பாக்கெட்டில் பல்லால் கடித்தெடுத்த மூலைகள்,
ஒரு ரூபாய் ஒரு ரூபாயாய்.
பாக்குக் கொட்டை அளவு சேறு.
சேற்றை விரலால் நசுக்கியபோது
உள்ளே மினுங்கியது
என் கம்மல் திருகாணி.

தொலைந்து இரண்டு வருடம்.
அன்று மதியம் வீட்டுக்கு வந்து போனவள்
சகாயராணியின் மூத்த பெண்.
நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
கேட்காமலே இரண்டு வருடம்
கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கழுவிய தண்ணீர் ஒன்றரைக் குடம் தேறும்.
படிக்கட்டு அலச வைத்திருந்தேன்.
"சுழி வரும்னு மிஸ் சொன்னாங்க,
ஒரே ஒரு தடவம்மா" என்றாள் டெல்ஃபின்.
அவர் என்னைப் பார்த்தார். திற என்றேன்.

மூன்று தலையும் முட்டிக்கொள்ளக் குனிந்தோம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நடுவில் மெல்ல ஒரு குழி,
குழியைச் சுற்றி ஒரு நூல் நுரை
ஓடி ஓடி உள்ளே இறங்கியது.
கடைசியில், பந்தியில் பாயசத்தை உறிஞ்சுகிறவர்போல
வெட்கமில்லாமல் ஒரு சத்தம்.
டெல்ஃபின் கைதட்டினாள்.

தெருமுனையில் லாரி ஹாரன்.
புது வாஷர் போட்ட அடைப்பானைக்
குதிகாலால் அழுத்தி மிதித்தேன்.
குடங்கள் கை மாறி ஏறத் தொடங்கின.
படியின் நடுவில் நின்று
வாங்கி வாங்கிக் கொடுத்தவள் சகாயராணி.
திருகாணி என் ஜாக்கெட்டுக்குள் குத்திக்கொண்டிருந்தது.
காதில் போட்டிருந்தால்
எங்க கெடச்சுது என்று கேட்டிருப்பாள்.