கேம்ப் ரேட்டு

வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரம் ஐந்து மாடி விடுதி.
ஏப்ரல் வெயில் கண்ணாடிக் கதவுவரை கூடவே வந்து
உள்ளே வராமல் நின்றுகொண்டது.
வரவேற்பில் சங்கரபாகம் என்று பெயர்ப்பட்டை.
கல்லூரிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.
“பேப்பர் திருத்த வந்திருக்கியளா?
அப்ப உங்களுக்குப் பாதி ரேட்டுதான்.”
மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.
பின்னால் கல்யாணக் கோஷ்டி ஒன்று
பட்டும் பிச்சியுமாக லிஃப்டுக்குக் காத்திருந்தது.
லிஃப்டில் ஒரு அம்மாள் என் செருப்பைப் பார்த்தாள்,
விலைச்சீட்டு அங்கேதான் ஒட்டியிருக்கும் என்பதுபோல.

இருநூற்று ஏழு.
பெட்டியை வைத்த இசக்கிதுரை
ஏசியைப் போட்டான், டிவியைப் போட்டான், திரையை விலக்கினான்.
“ஆயிரத்தெண்ணூறு ரூவா ரூம் மேடம் இது.
உங்களுக்குத் தொள்ளாயிரம். வசதியாத்தான இருக்கு?”
குரலில் குத்தல் ஒன்றுமில்லை.
மொட்டைமாடியில் நின்றால் ஆறு தெரியும் என்பதையும்
அதே குரலில்தான் சொன்னான்.

அவன் போன பிறகும்
அந்தத் தொள்ளாயிரம் போகவில்லை.
நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது துண்டு கேட்கவில்லை நான்.
குழாயில் வெந்நீர் வராததைச் சொல்லவில்லை.
இருபத்துநான்கில் இருந்த ஏசியை
யாரும் கேட்காமலே இருபத்தேழுக்கு ஏற்றினேன்.
இரட்டைக் கட்டிலில் சுவரோரம் ஒண்டிப் படுத்தேன்.
மறுபாதிக்குக் காசு கட்டியவர்
நடுராத்திரியில் வந்துவிடலாம்.
இலையில் சோற்றைப் போட்டுவிட்டு
அரிசி விலை சொல்லுவார்களா எங்கள் ஊரில்?
சொல்லுவார்கள். என் சித்தப்பா சொல்லுவார்.

காலையில் உணவறையில், வடைக்கு நீண்ட கையிடம்
பரிமாறுகிறவர் சொன்னார்:
“கேம்ப் ரேட்டுக்கு டிபன் வராதுல்லா மேடம்.”
வடைத் தட்டு நகர்ந்து போனது.
கை கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியது.
வெளியே டீக்கடையில் இரண்டு வாழைப்பழம் தின்றேன்.
முழு விலை.
என்ன ஒரு நிம்மதி.

பாளையங்கோட்டை, முகாம் கூடம்.
விலங்கியல். கட்டுக்கு நாற்பது தாள்.
பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு தாள்
இருபத்தெட்டரையில் வந்து நின்றது.
முப்பது வேண்டும்.
தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகள்.
இந்தப் பிள்ளை இரண்டு வரைந்திருந்தது;
அது மீனின் இதயம்.
ஆனாலும் நடுங்காத கோடுகள்,
பென்சிலை நாக்கில் தொட்டு அழுத்திய கோடுகள்.
படத்துக்கு ஒரு அரை.
அம்புக்குறிக்கு ஒரு அரை.
முன்பக்கத்தில் நானே அடித்த ஒரு வரிக்குத்
திரும்பிப் போய் ஒரு அரை.
முப்பது. வட்டம் போட்டேன்.
ஓரத்தில் ‘உனக்குத்தான்’ என்று எழுதவில்லை.
போலி எண்ணுக்குப் பின்னால் யாரோ,
சிவப்பு மைக்குப் பின்னால் யாரோ.
ரிசல்ட் அன்றைக்கு அது தெருவெல்லாம் சொல்லும்,
முப்பது எடுத்தேன் என்று.
எடுத்ததுதானே.

மூன்றாம் நாள் கணக்கு முடித்தேன்.
ரசீதில் ஆயிரத்தெண்ணூறை அச்சடித்து
அதன்மேல் கோடு கிழித்திருந்தார்கள்.
“மொதலாளிட்ட மல்லுக்கட்டி நாந்தான் வாங்குனேன்.
ஆயிரத்து எரநூறுக்குக் கொறைய மாட்டேன்னாவ”
என்றார் சங்கரபாகம், இந்தமுறை மெதுவாக.
மூன்று நாளும் அந்த மனிதரை மனதுக்குள் வைதிருந்தேன்.
நன்றி சொன்னேன்.
அதுவும் பாதிதான் வந்தது.

ஆட்டோவில் பெட்டியை ஏற்றினான் இசக்கிதுரை.
ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டினேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
“வழக்கமா இருபதுதான் குடுப்பேன்” என்றது வாய்.

அவன் கை அந்தரத்தில் ஒரு நொடி,
வடைத் தட்டின் முன் என் கை நின்ற உயரத்தில்.
பிறகு வாங்கி
நான்காக மடித்தான், எட்டாக மடித்தான்,
எண் உள்ளே போகும்வரை.
“சரி மேடம். பாத்துப் போங்க.”