உள்ளுறை வெப்பம்

ஏரி ஒரு முழ ஆழத்துக்கு உறைந்துவிட்டது.
படித்துறை முனையில் மட்டும்
இரண்டு கட்டில் அகலத்துக்குக் கருப்பாய் நீர்.
அது மூடிவிடாதபடி இரவெல்லாம்
அடிநீரைக் கிளறும் ஒரு பம்பு.
பம்புக்குக் காவல் வெய்க்கோ சோர்வலி.

"நீயும் துளை ஆராய்ச்சிதானாமே" என்றார்
சவுனாவின் மேல்படியில்,
மூக்கு நுனியில் வியர்வை தொங்க.
ஆமாம் என்றேன்.
"உன் துளைக்கு யார் பம்பு போடுவது?"

கொடுத்தால் குளிர்வது அடுப்பின் குணம்.
கருந்துளை கொடுக்கக் கொடுக்கக் கொதிக்கும்,
வாங்க வாங்கச் சில்லிடும்.
வெட்டவெளியில் விட்டால்
இளைக்க இளைக்கச் சுடர்ந்து
கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும்.

ஒரு கரண்டி நீரைக் கல்லில் ஊற்றினார்.
சீறி எழுந்த ஆவி காதைக் கடித்தது.
"என் தம்பி தைஸ்தோ அப்படித்தான்.
முப்பத்தெட்டு கிலோ.
நெற்றியைத் தொட்டால் இந்தக் கல்."

நான் பேச்சை மாற்றினேன்.
போன வெப்பம் திரும்பி வரும்படி
வெளியையே ஒரு பெட்டியாய் வளைத்தால்
பெரிய துளை பிழைத்துக்கொள்ளும்,
தான் உமிழ்ந்ததைத் தானே குடித்து.
சிறியதற்குப் பெட்டியும் உதவாது.
ஒரு சூட்டுக்குக் கீழே வெறும் கதிர்,
அதற்கு மேலே துளை,
நடுவில் ஒரு கோடு.
பதினோரு மாதமாய் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறேன்,
எங்கோ ஒரு கழித்தல் குறியைத் தொலைத்துவிட்டு.

"இந்தப் பெட்டிக்கு எண்பது டிகிரி"
மரச்சுவரைத் தட்டிக் காட்டினார்.

பிப்ரவரி பன்னிரண்டு. மைனஸ் முப்பத்தொன்று.
பம்பின் ஒலி இல்லை.
துளை இருந்த இடத்தில் சாம்பல் கண்ணாடி,
உள்ளே குமிழ்கள்
எழும்பிய வரிசையிலேயே நின்றுபோய்.
சாவி கொடுத்த ரைய்யா
"லியெக்சா ஆஸ்பத்திரி" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ரம்பத்தை நானே எடுத்தேன்.
ஒரு மணி நேரம். இமையில் பனித்தூள்.
அறுத்த பாளத்தைக் காலால் அழுத்தி
மற்ற பனிக்கு அடியில் தள்ளினேன்.
கருப்பு திரும்ப வந்தது.
கயிற்றில் வெப்பமானியை இறக்கினேன்.
பனியும் பூஜ்யம். நீரும் பூஜ்யம்.
உள்ளே போனதெல்லாம் எங்கே என்று
முள் சொல்லாது.
ஒன்று இன்னொன்றாய் மாறும்போதுதான்
அளவு அசையாமல் நிற்கிறது.
வெப்பம் உள்ளுறையாய்
வேறு வேலை பார்க்கிறது.

அன்றிரவு குறி கிடைத்தது,
மூன்றாம் தாள், ஏழாம் வரி.
யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச்சில் வந்தார், தாடியை மழித்து.
நான் கேட்கவில்லை.
துளையின் ஓரத்தைப் பார்த்து "கோணல்" என்றார்.
பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
பிறகு, முதுகைக் காட்டியபடியே:
"சரியாக அந்தக் கோட்டின் மேல் நின்றால்?"
இரண்டுக்கும் ஒரே எடை, என்றேன்.
எந்தப் பக்கமும் சாயலாம்.
"எவ்வளவு நேரம் நிற்கும்?"

அதை நான் கணக்கிட்டதில்லை.
அவர் ஏணியைப் பிடித்து
இடுப்பளவு இறங்கி
அங்கேயே நின்றார்.