தாழ்ப்பாள்

அருமனைச் சபையில் கல்யாணம்.
போதகர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் தயவு.
நான் அதைக் கேட்கவில்லை.
வாடகைக் கோட்டுக்குள்ளிருந்தும் கசிந்த
ரப்பர்பால் வாடையில் நின்றுகொண்டிருந்தேன்.

றசலுக்கு இரவில் ஒரு குரல்.
மேபல் என்பதை
யாரும் அதுவரை கூப்பிடாத மாதிரி கூப்பிடுவார்.
மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
பால்வெட்டப் போவார்.
திரும்பி வருகிறவர் வேறு ஆள்.
"சோறு" என்பதோடு அன்றைய பேச்சு தீரும்.

சபையில் சத்தமாக வாசிக்காத பக்கங்கள்
வேதத்தில் உண்டு.
மாதுளம்பழங்கள், மான்குட்டிகள்,
கதவுத் தாழில்
வெள்ளைப்போளம் ஒழுகும் ஒருத்தியின் விரல்கள்.
கர்த்தருக்கில்லாத வெட்கம் எனக்கு வந்து
மூடிவைத்தேன்.

என் விரலில் ஒழுகியது அண்டித்தோட்டின் எண்ணெய்.
ஆபீசில் தோடு உடைக்கிற பெஞ்சு எனக்கு.
சாம்பல் பூசினாலும் தோல் உரியும்.
ரேஷன்கடை மெஷினில் விரல் வைத்தால்
அது என்னை அறியேன் என்னும்,
மூன்று தடவை.

பதினோராம் வருஷம், ஒரு திருவிருந்து ஞாயிறு.
கிண்ணம் நழுவி
வெள்ளைச்சேலை முழுக்கத் திராட்சரசம்.
ஆண்கள் வரிசையிலிருந்து அவர் பார்த்தார்.
பைக்கில் வீடுவரை ஒரு வார்த்தை இல்லை.
சேலையின் விலையை மனதில் கூட்டுகிறார் என்று நினைத்தேன்.

அடுக்களைக்கு வந்து
மரச்சீனியையும் கத்தியையும் வாங்கினார்.
"உனக்க கையக் காட்டு பிள்ளே."

புதுமரத்தில் பட்டையின் கனம் பார்ப்பதுபோல்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கத்தி தடியில் பட்டால் பட்டை மூடாது,
அவருக்குத் தெரிந்த ஒரே வேதபாடம் அது.
"இந்தக் கையா இத்தன நாளும் எனக்கு வெளம்பிச்சு?"

தேங்காயெண்ணெயைச் சூடாக்கி
ஒவ்வொரு விரலாகத் தடவினார்.
கிழங்கு பாதி வெந்தது.
சாளைக்கறியில் உப்பில்லை.
நான் சொல்லவில்லை, இரண்டுதரம் வாங்கித் தின்றேன்.
தட்டுகளை அவர் கழுவினார், மோசமாக.

ராத்திரிக்காரர் பகலில் வந்து உட்கார்ந்திருந்தார்.
எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்தது,
நேற்றுத்தான் பெண்பார்க்க வந்தவரைப் போல.

மழை பிடித்தது.
நாளைக்கு வெட்டில்லை என்றார்
யாரும் கேட்காமலே.
பதினொரு வருஷத்தில்
அன்றைக்குத்தான் நான் முதலில் எழுந்தேன்,
நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

காலையில் பார்த்தேன்.
தாழ்ப்பாளில் இன்னும் எண்ணெய்.
துடைக்காமல் வேலைக்குப் போனேன்.