பனியன் நிறம்

ரொட்டி சுமந்த வண்டி.
பதினோரு குளிர்காலம் டுலூத் சாலைகளில்
உப்பின் மேல் ஓடியது.
பிறகு உப்பு அதன் மேல் ஓடியது.
சக்கரத்துக்கு மேலே விரலால் அழுத்தினால்
பிஸ்கட் போல உதிர்ந்தது தகரம்.

உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது.
அடுப்பு, புகைக்கூண்டு, இரட்டைத் தொட்டி,
ஆய்வாளர் மூன்று முறை மோந்து பார்த்துக்
கையெழுத்துப் போட்ட தாள்.
வெளியேதான் ஒன்றும் ஆகவில்லை.

வெர்ன் சால்மெலாவின் பட்டறை.
மே மாதம், ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது.
வினைல் ஒட்டலாம் என்று ஒரு படம் காட்டினார்:
கறுப்புக் கண்ணாடி போட்ட மீன்
கட்டைவிரல் உயர்த்தித்
தன்னைத்தானே விற்கிறது, சிரித்தபடி.
(மீனுக்குக் கட்டைவிரல் எங்கிருந்து வந்தது?)
எப்படியும் இந்தக் குளிரில் பசை பிடிக்காது,
ஜூன் வரை பொறு என்றார்.

பளபளப்பு வேண்டுமா, மேட் வேண்டுமா?
"பளபளப்பு ஒரு உளறுவாய், மார்லிஸ்.
ஒவ்வொரு நசுங்கலையும் ஊருக்குச் சொல்லும்.
மேட் வாயே திறக்காது.
ஆனால் ஒரு எண்ணெய்க் கை பட்டுவிட்டால்
ஜென்மத்துக்கும் மறக்காது."
இரண்டு மாதிரியும் ஆட்களை எனக்குத் தெரியும்.
ஒருவரோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.
எந்த மாதிரி என்று வெர்ன் கேட்கவில்லை.

வண்ண அட்டையை விரித்தேன்.
'வெண்ணெய்க் கனவு.' 'நேர்மையான நீலம்.'
நீலத்தில் நேர்மை எங்கே இருக்கிறது?
"விலையில் இல்லை."

அட்டை ஒரு வாரம் என் தலையணைக்குக் கீழே கிடந்தது.
அதற்குள் வெர்ன் துருவைச் சுரண்டி,
தகரம் வெட்டி ஒட்டி,
முழுக்கப் பிரைமர் அடித்து வைத்தார்.
காய்ந்த ரத்தம் என்றான் என் மகன்.
செங்கல் என்றேன் நான், சாப்பாட்டு விஷயம் பார்.

சனிக்கிழமை விடியலில்
ரெட் கிளிஃபிலிருந்து கார்லீன் டெஃபோ
ஐந்து ஐஸ் பெட்டி வெள்ளை மீனோடு வந்து நின்றாள்.
அடுத்த வாரம்தானே சொன்னேன் என்றேன்.
"வலையிடம் சொல்."

மீன் நிறத்துக்குக் காத்திருக்காது.
அப்படியே ஓட்டிப் போய்த்
தூக்குப்பாலத்தருகே பலகையைத் திறந்தேன்,
பெயர் இல்லாமல், படம் இல்லாமல்,
பாதி உடுத்தியவள் கதவைத் திறந்ததுபோல.

மூன்றாவதாக நின்றவர் கப்பல் பட்டறைக்காரர்,
இரவு ஷிப்ட் கண்களோடு.
வண்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.
"எங்கள் அடிவயிற்று நிறம்."
மீனை வாங்கிக்கொண்டு கால்வாயைக் காட்டினார்.

பாலம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.
தாதுக்கு வந்த கப்பல், காலியாக, உயரமாக.
நிறைந்து போகும்போது தண்ணீருக்குள் மறைவது
இப்போது ஒரு மாடி உயரத்துக்கு
வெளியே தெரிந்தது, செங்காவியாக,
கீறலோடு, யாரும் அழகுக்காக அடிக்காததாக.
இருபது வருஷமாகப் பார்த்த கப்பல்கள்தான்.
காலியாக வருகிறவைதான் இப்படித் தெரியும் என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.
பின்னால் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை வெர்னிடம் சொன்னேன்,
இப்படியே விட்டுவிடுங்கள்.

வெர்ன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.
"பிரைமர் பனியன் மாதிரி.
பனியனோடு மழையில் நிற்பாயா?
தண்ணீரைக் குடிக்கும். உள்ளே மறுபடி துரு."

அப்படியானால் பனியன் நிறத்தில் சட்டை தையுங்கள்.

இரண்டு நாள் கலக்கினார்.
கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு,
பழைய பூச்சின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து.
மூன்று கோட். மேலே மேட் காப்பு.
முடிக்காதது மாதிரி முடிப்பதற்கு
முடித்ததைவிட நாற்பது டாலர் கூட ஆனது.
ரசீதில் நிறத்தின் பெயர் என்று ஒரு கட்டம்.
வெர்ன் அதில் ஒரு கோடு இழுத்தார்.

இப்போது செப்டம்பர்.
முதல் எண்ணெய்க் கை ஜன்னலுக்குக் கீழே பதிந்தாயிற்று,
சின்னக் கை, நாலு வயது இருக்கும்.
துடைத்துப் பார்த்தேன். வெர்ன் சொன்னது சரி.

தினமும் ஒருவராவது கேட்கிறார்,
தட்டை நீட்டியபடி, அக்கறையோடு:
எப்போது பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள்?

அடுத்த வாரம் என்கிறேன்.
எலுமிச்சை வேண்டுமா?