ஐம்பதுக்கு மேல் வேண்டாம்

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு
ஐம்பதுக்கு மேல் போகாதே என்றான் கடைக்காரன்.
இருக்கையின் பாலித்தீன் உறையைக் கிழிக்க வந்த கையை
மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.
பதினான்கு பெண்கள், பதினான்கு மாதச் சீட்டு,
கடைசி முறை என்னுடையது.
கிழிப்பதென்றால் நான்தான் கிழிப்பேன்.
அதுவும் இன்றைக்கு இல்லை.

வாகடூகுவின் பெரிய சந்தைக்குப் பின்னால்
ஜனவரிக் காற்று சஹாராவைச் சலித்துக்கொண்டிருந்தது.
கிளட்சை விட்டேன்.
வண்டி ஒரு தும்மல் போட்டு நின்றது.
மறுபடி விட்டேன், மறுபடி தும்மல்.
மொபெட்டில் போன ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்,
அவன் மடியில் குறுக்கே கிடந்த கிடாவும்
பல்லைக் காட்டியது போலத்தான் இருந்தது.
மூன்றாம் முறை
தரை நகர்ந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.
பிரேக் ரொம்ப முன்கோபம்.
ஹார்ன் பால்குடி மறக்காத குட்டியின் குரல்,
இந்த ஊரில் அது செல்லுபடி ஆகாது.
இடது கண்ணாடியில்
என் முழங்கையைத் தவிர எதுவும் தெரியவில்லை.
முப்பது வருடமாகத் தைக்கிறேன்,
மேசை விளிம்பு தேய்த்துத் தேய்த்துக் கறுத்த
அந்த இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.
புகைக்குழாயில் புதுச் சாயம் தீய்ந்து
இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மறந்த
மலிவுத் துணியின் நாற்றம்.
பாலித்தீனோ தொடைக்கடியில்
வறுகடலைப் பொட்டலம் மாதிரி நொறுங்கிக்கொண்டே வந்தது.

இதெல்லாம் சின்னக் குறைகள்.
பெரிய விஷயம் வேறு:
முன்னால் முதுகு இல்லை.
கணவன் முதுகு, கொழுந்தன் முதுகு,
காசு வாங்கிக்கொண்டு இறக்கிவிடுகிறவன் முதுகு,
இந்த ஊரை நான் சட்டைத் துணிகளாகத்தான் அறிவேன்.
கட்டம், கோடு, கழுத்தோரம் பிரிந்த தையல்.
இன்றைக்கு அந்த இடத்தில்
ஒரு முழுச் சாலை.
வேம்புகள், தர்பூசணிக் குவியல், சிவப்பு விளக்கு,
பல்லிடுக்கில் நேராக வந்து விழும் மண்.

சிவப்பு விளக்கில், தலைத்துணிக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டிருந்த
கல்லூரிப் பெண் என் இருக்கையைப் பார்த்தாள்.
புதுசா அக்கா?
பழசு என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

கூங்கின் வந்தது.
எங்கள் தகரக் கதவு வந்தது.
ஐம்பதுக்கு மேல் உனக்கு எதற்கு வண்டி என்று கேட்ட
நாத்தனார் திப்போகோ
வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.
எனக்கு ஐம்பத்தொன்று.
நிறுத்தத்தான் நினைத்தேன்.
கால் பிரேக்கைத் தேடுவதற்குள்
கதவு முழங்கைக்குப் பின்னால் போய்விட்டது.

பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.
லாரி ஒன்று பருத்தி மூட்டைகளோடு என்னைத் தாண்டியபோது
வண்டி ஆடியது, நானும் ஆடினேன்,
கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது,
என் வாயில் அது இருந்ததே எனக்குத் தெரியாது.
மூன்றாம் கியரை அதுவரை நம்பவில்லை.
போபோ சாலையில் போட்டுப் பார்த்தேன்.
எண்ணெயிட்ட தையல் மெஷினின் சத்தம்.
அதையும் முப்பது வருடம் மிதித்தேன்,
சுவரோ எதிரிலேயே இருந்தது.

நாற்பத்தெட்டு.
நாற்பத்தொன்பது.
நாற்பத்தொன்பதில் பிடித்து வைத்தேன்,
கொதிக்கும் பாலை ஊதி ஊதி நிறுத்துவது போல.

இருபத்துமூன்றாவது கிலோமீட்டரில்
மறுபடி அந்தத் தும்மல்.
புது வண்டிக்கு ஒரு டம்ளர் பெட்ரோல்தான் ஊற்றுவார்களாம்,
யாரும் சொல்லவில்லை.
ஒரு மைல் தள்ளினேன்.
தள்ளும்போதுதான் தெரிகிறது அதன் எடை,
சீட்டின் எடை, பதினான்கு பெண்களின் எடை.
மரப்பலகையில் ஒயின் பாட்டில்களை அடுக்கி
பெட்ரோல் விற்ற பையன்
இரண்டு பாட்டில் ஊற்றினான்.
கொஞ்சம் உறைமேல் சிந்தினான்.
துடைக்கப் போனான், வேண்டாம் என்றேன்.

போன் அடித்தது. திப்போகோ.
எங்கே இருக்கிறாய், சோறு ஆறுகிறது.
வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன்.
வண்டியின் மூக்கு
இன்னும் போபோ பக்கம்தான் இருந்தது.